ஈயம் பூசும் கலையும் நுண்மின்னணுப் பற்றவைப்பும்

"பாத்திரத்துக்கு ஈயம் பூசறதே..." என்று நீட்டி ஒலிக்கும் குரலை இன்று நம் கல்லூரியில் பயில்வோர் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆசிரியப் பெருமக்களுள் மூத்தோர் சிலர் கேட்டிருக்கக் கூடும். அந்தக் குரல்களுள் ஒன்று என் தாயைப் பெற்ற தாத்தாவினுடையது. மிதிவண்டியின் பின்னால் துருத்தியையும் கரி மூட்டையையும் கட்டிக்கொண்டு கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று காரைக்கால் வட்டாரம் முழுவதும் அவர் சுற்றியிருக்கிறார். எவர்சில்வர் வந்து பித்தளையைப் பரணுக்கு அனுப்பியபோது அவருடைய துருத்தியும் பரணுக்குப் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். இயற்பியல் இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். சென்ற ஆண்டு ஒரு சிறு மோட்டார் வண்டி செய்யப் புகுந்தேன். அதன் பொருட்டுக் கடுகையும் துவரம்பருப்பையும் ஒத்த அளவுள்ள மின்னணு உறுப்புகளை வீட்டிலேயே பற்றவைக்க நேர்ந்தது. அப்போது, நான் கற்க வேண்டியதில் பாதி அந்தப் பரணிலேயே இருந்ததைக் கண்டேன்.

ஏன் இந்தச் சிறு உறுப்பு?

வண்டி பெரிதொன்றும் இல்லை. பழைய பொருள் கடையில் கிடைத்த பொம்மைக் கார் மோட்டார்கள் இரண்டு, நான்கு சக்கரம், 6 வோல்ட் மின்கலம். இடச் சக்கரங்களை ஒரு மோட்டாரும் வலச் சக்கரங்களை மற்றொன்றும் சுழற்றும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். ஒரு மோட்டாரை இரு திசையிலும் சுழற்ற நான்கு சாவிகள் தேவை. ஆங்கில எச் எழுத்தின் நான்கு கால்களில் நான்கு சாவிகளும், நடுக்கோட்டில் மோட்டாரும் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்க. எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு சாவிகளை மூடினால் மின்னோட்டம் இடமிருந்து வலம் செல்லும். மற்ற இரண்டை மூடினால் வலமிருந்து இடம் செல்லும். இந்த எச் பாலத்தை ஒரே சில்லுக்குள் அடக்கி விற்கிறார்கள்.

மாணவர்கள் வழக்கமாக வாங்குவது எல் 293 டி என்னும் ஐ.சி. அதற்கு நீண்ட கால்கள் உண்டு. பலகைத் துளையில் செருகிப் பற்றவைப்பது எளிது. ஆனால் அது பழைய வகை இருமுனை டிரான்சிஸ்டர்களால் ஆனது. மேற்சாவியில் ஏறத்தாழ 1.4 வோல்ட்டும் கீழ்ச்சாவியில் 1.2 வோல்ட்டும் இழந்துவிடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குச் சேர்வது 3.4 வோல்ட், மீதி வெறும் வெப்பம். மேலும், அது தாங்கும் தொடர் மின்னோட்டம் ஒரு பக்கத்துக்கு 0.6 ஆம்பியர்தான். என் மோட்டார்களோ சுமையோடு 1.2 ஆம்பியர் இழுத்தன.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.ஆர்.வி. 8833 புதிய வகை. அதனுள் இருப்பவை மாஸ்ஃபெட் சாவிகள். மேலும் கீழுமாக இரண்டு சாவிகளும் சேர்ந்து ஏறத்தாழ 0.36 ஓம் தடையே. ஒரு பாலத்துக்கு 1.5 ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் அது பரப்பில் பொருத்தும் வகை உறுப்பு, கடைக்காரர்கள் எஸ்.எம்.டி. என்பார்கள். நான் வாங்கிய உறையில் உடல் 5 மில்லிமீட்டர் நீளம், 4.4 மில்லிமீட்டர் அகலம், 16 கால்கள். ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடுவுக்கு 0.65 மில்லிமீட்டர்! வயிற்றுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் உலோகத் தகடு வேறு. அந்தத் தகட்டைத்தான் நான் முதலில் அலட்சியம் செய்தேன்.

1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தொடங்கிய இம்முறை 1980களுக்குப் பின் உலகெங்கும் பரவியது. துளை வேண்டாம், இடம் மிச்சம், இயந்திரமே உறுப்பை எடுத்து வைத்துவிடும். திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலையில் கைப்பேசிகள் செய்யப்பட்டதும் இம்முறையில்தான். முதலில் துளையிட்ட மெல்லிய தகட்டை அச்சுப் போல வைத்துச் சால்டர் பசையைத் தடவுவார்கள். பிறகு இயந்திரம் உறுப்புகளை வைக்கும். பிறகு பலகை நீண்ட அடுப்பினூடே மெல்ல நகரும். உள்ளே போகும்போது பசை. வெளியே வரும்போது உலோகம். இதே மூன்று வேலைகளை வீட்டில் எப்படிச் செய்வது என்பதே என் முன் இருந்த கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணத்தில், சென்னை ரிட்சி தெருவுக்குச் சென்ற அண்ணன் ஒருவர் வழியாக மூன்று சில்லுகள் வாங்கினேன். மூன்றுக்கு மேல் வாங்கக் கையில் பணமில்லை.

முதற் சில்லு: நவச்சாரம்

உருகிய வெள்ளீயத்தைத் தாமிரத்தின் மீது விட்டால் அது ஒட்டாமல், சேப்பங்கிழங்கு இலை மேல் தண்ணீர் போல, உருண்டு ஓடும். தாமிரத்தின் மேல் படிந்துள்ள ஆக்சைடு படலமே காரணம். உருகிய பற்றாசின் பரப்பு இழுவிசை தண்ணீரினுடையதைப் போல ஆறேழு மடங்கு; அழுக்குப் பரப்பில் அது பரவவே பரவாது. படலத்தை நீக்கிவிட்டால் தாமிர அணுக்களும் வெள்ளீய அணுக்களும் நேரே சந்திக்கும். அப்போது இரண்டும் சேர்ந்த மெல்லிய புதிய சேர்மம் ஒன்று இடையில் உண்டாகிறது. ஆகவே பற்றவைத்தல் என்பது பசை போட்டு ஒட்டுவது போன்றதன்று; இரு உலோகங்கள் ஒன்றில் ஒன்று கரைவது. இந்தப் படலத்தை நீக்கும் பொருளையே பிளக்ஸ் என்கிறோம்.

தாத்தாவின் பிளக்ஸ் நவச்சாரம். பாத்திரத்தை மணலும் புளியும் போட்டுத் தேய்த்து, கரி நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெண்புகை எழும். உடனே வெள்ளீயக் குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் பித்தளை முழுவதும் வெள்ளியாகிவிடும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது ஆக்சைடை அரித்து நீக்குகிறது. வேதியியல் வகுப்பில் நாம் படித்த வினைதான்.

பரணில் இருந்த நவச்சார டப்பாவையே நான் எடுத்தேன். தாத்தாவுக்குப் பயன்பட்டது பேரனுக்குப் பயன்படாதா என்ற எண்ணம். உண்மையில் அன்று பற்றாசு அழகாகப் பரவியது. வண்டியின் சக்கரங்களும் சுழன்றன. ஐப்பசி மழை தொடங்கியது. கார்த்திகையில் பெட்டியைத் திறந்தபோது பலகை முழுதும் பச்சை பூத்திருந்தது. சில்லின் இரண்டு கால்கள் தொட்டவுடன் ஒடிந்தன.

பாத்திரத்தை ஈயம் பூசியவுடன் கழுவிவிடுகிறோம், மின்சுற்றில் 0.65 மில்லிமீட்டர் இடைவெளிகளுக்குள் சிக்கிய குளோரைடை அப்படிக் கழுவ முடியாது. கடற்காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டு தாமிரத்தை நாள்தோறும் தின்கிறது. மின்னழுத்தமும் சேர்ந்துவிட்டால் அரிப்பு இன்னும் விரைவு. உப்பங்காற்று வீசும் நம் ஊரில் இது இருமடங்கு ஆபத்து. மின்னணு வேலைக்கு உரியது பைன் மரப் பிசினிலிருந்து செய்த ரோசின். வயலின் வில்லில் தேய்ப்பார்களே, அதே பிசின். அதிலுள்ள அபியட்டிக் அமிலம் சூட்டில் மட்டும் வேலை செய்யும். ஆறியபின் பெரும்பாலும் சும்மா கிடக்கும். அதையும் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்துவிடுதல் நன்று.

இரண்டாம் சில்லு: விட்டு விட்டு ஓடிய வண்டி

இம்முறை ரோசின் பிளக்ஸ் வாங்கினேன். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த, 0.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியும் வாங்கினேன். இந்த விகிதத்துக்கு ஒரு சிறப்புண்டு. வெள்ளீயம் தனியே 232 பாகை செல்சியசிலும், காரீயம் 327 பாகையிலும் உருகும். இந்தக் கலவையோ 183 பாகையிலேயே, இடையில் கூழ் நிலை இல்லாமல், ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும். ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் தாய்மார்கள் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுவதை நினைவுகூர்க. வெறுஞ்சொம்பை ஏற்றினால் 232 பாகையில் சொம்பு இல்லை!

கால்களைப் பற்றவைப்பது நினைத்ததைவிட எளிது என்றால் நம்ப மாட்டீர்கள். ஒரு மூலைக் காலை மட்டும் துளி பற்றாசால் நிறுத்தி, உருப்பெருக்கியில் பார்த்து நேராக்கி, எதிர்மூலையையும் நிறுத்த வேண்டும். பிறகு வரிசை முழுவதும் தாராளமாகப் பிளக்ஸ் தடவி, நுனியில் சிறிது பற்றாசு ஏந்திய சால்டரிங் அயர்னைக் கால்களின் மேல் மெல்ல இழுத்துச் செல்ல வேண்டும். கை நடுங்குகிறதே என்று அஞ்ச வேண்டா. பரப்பு இழுவிசை ஒவ்வொரு காலுக்கும் வேண்டியதைத் தானே பங்கிட்டுத் தருகிறது. இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டால் தாமிரப் பின்னல் நாடாவை வைத்துச் சூடாக்கினால் மிகுதியை அது உறிஞ்சிவிடும்.

நிற்க. வண்டி ஓடியது, அரை நிமிடத்தில் நின்றது, சற்றுப் பொறுத்து மீண்டும் ஓடியது, மீண்டும் நின்றது. மூன்று நாள் நிரலைத் திருத்தினேன். மின்கலத்தைக் குறை கூறினேன். நான்காம் நாள் தற்செயலாகச் சில்லின் மேல் விரல் பட்டுச் சுட்டது. அப்போதுதான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் உள்ள பெருக்கல்: 1.2 ஐ 1.2 ஆல் பெருக்க 1.44, அதை 0.36 ஆல் பெருக்க ஏறத்தாழ 0.52 வாட். இரண்டு மோட்டாருக்கு 1 வாட்டுக்குச் சற்று மேல். துவரம்பருப்பு அளவுள்ள பொருளில் 1 வாட்! அது வெளியேறுவதற்காகத்தான் வயிற்றின் கீழ் அந்தத் தகடு வைத்திருக்கிறார்கள். அதைப் பலகையின் தாமிரத்தோடு பற்றவைக்காததால் வெப்பம் உள்ளேயே தங்கிவிட்டது. உள்வெப்பம் 160 பாகை அளவுக்கு ஏறியதும் சில்லு தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது, ஆறியதும் எழுகிறது. பழுது என்று நான் எண்ணியது அதன் தற்காப்பு.

சில்லைக் கழற்ற முயன்றேன். வெப்பக் கட்டுப்பாடில்லாத 25 வாட் அயர்னை நீண்ட நேரம் அழுத்தியதில் பலகையின் தாமிரக் கீற்றுகள் உரிந்து வந்தன. இரண்டாவதும் போயிற்று.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் புகையும் நெருப்பும் எங்கப்பாவோட போகட்டும்னுதான்யா ஒன்னைக் காலேஜுல சேத்தோம். நீ திரும்பவும் அதுலயே வந்து ஒக்காந்திருக்கியே" என்றார். எனக்கு விடை தோன்றவில்லை. தாத்தாவின் இருமலை இரவெல்லாம் கேட்டு வளர்ந்தவர் அவர். புகையைப் பற்றி அவர் கேட்டது நியாயமே என்பதையும் இங்குக் கூறியாக வேண்டும். 350 பாகையில் காரீயம் ஆவியாவது இல்லை எனலாம். அதன் கொதிநிலை 1,700 பாகைக்கு மேல். எழும் புகை ரோசினுடையது. ஆயினும் அது நுரையீரலுக்கு நல்லதன்று. ஆஸ்துமா வரவழைக்கக் கூடியது. காற்றோட்டமும் ஒரு சிறு விசிறியும் கட்டாயம். காரீயம் வருவது கை வழியாக வாய்க்குள்.

தாத்தாவின் கேள்வி

தாத்தாவுக்கு இப்போது பார்வை மங்கல். பலகையைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். அடியில் ஒரு தகடு இருக்கிறது, அங்கே அயர்ன் முனை எட்டவில்லை என்று விளக்கினேன். "ஏந்தம்பி, ஈயத்தையா சூடாக்குவாங்க? பாத்திரத்தையில்ல சூடாக்கணும்" என்றார்.

பாடநூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வது இதுவே. பற்றவைக்கப்படும் பரப்பு பற்றாசின் உருகுநிலையைத் தாண்டிச் சூடேற வேண்டும். குளிர்ந்த பரப்பில் சூடான ஈயத்தை அப்பினால் அது ஒட்டியது போலத் தோன்றும், ஒட்டியிராது. மேலிருந்து முனையால் குத்துவதை விட்டுப் பலகை முழுவதையும் கீழிருந்து காய்ச்சினால் வயிற்றுத் தகடும் கால்களும் ஒன்றாகப் பற்றும். நோக்கியா ஆலையின் அடுப்பு செய்ததும் அதுதானே! எங்கள் வீட்டில் அதற்கு இருந்தது விளிம்பு உடைந்து ஒதுக்கிய ஒரு தோசைக்கல்.

அம்மாவிடம் அதைக் கேட்டுப் பெறுவது பற்றவைப்பதைவிடக் கடினமாக இருந்தது. காரீயம் பட்ட கல்லில் இனி ஒருநாளும் உணவு சமைக்கலாகாது என்பதால், கைப்பிடியில் சிவப்பு வண்ணம் பூசி, கொல்லைச் சுவரில் தனியே ஆணியடித்து மாட்டிய பிறகே இசைந்தார். இதைச் செய்ய விரும்பும் நண்பர்கள் இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் காட்ட வேண்டா.

மூன்றாம் சில்லு

புதிய பலகையில், சில்லின் வயிற்றுக்குக் கீழுள்ள தாமிரத்தை இரு முனைகளிலும் வெளியே நீட்டி அகலப் பரப்பினேன். வெப்பம் ஓடிச் செல்ல அதுவே வழி. வடிவத்தை வழவழப்பான தாளில் லேசர் அச்செடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தாமிரத்தின் மேல் அழுத்தி, பெர்ரிக் குளோரைடு கரைசலில் அரித்தெடுத்தேன்.

சால்டர் பேஸ்ட் வாங்கும்போது கவனம் தேவை. நம் கடைகளில் பேஸ்ட் என்று கேட்டால் சிறு தகர டப்பாவில் மஞ்சள் நிறப் பிளக்ஸைத் தருவார்கள். நமக்கு வேண்டியது உலோகப் பொடியும் பிளக்ஸும் சேர்ந்த சாம்பல் நிறப் பசை. வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்து 138 பாகையிலேயே உருகும் பசையும் கிடைக்கிறது. குறைந்த சூடு போதுமே என்று ஆசை காட்டும். ஆனால் 160 பாகை வரை காயக்கூடிய சில்லுக்கு அடியில் 138 பாகையில் உருகும் பற்றாசை வைப்பது அறிவுடைமை ஆகாது. அதனோடு காரீயமும் சிறிது கலந்துவிட்டாலோ, 96 பாகையிலேயே உருகும் பகுதி உண்டாகிவிடும். காரீயமில்லாத பற்றாசும் உண்டு. ஐரோப்பாவில் 2006 சூலை முதல் மின்னணுப் பொருள்களில் அதுவே விதி; நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் காரீயத்தை எடையில் 0.1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தின. அவ்வகைக் கலவை உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். என் தோசைக்கல்லின் மீது அவ்வளவு நம்பிக்கை எனக்கில்லை. ஆகவே 63-37 பசையையே கொண்டேன்.

ஈரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இச்சில்லுகளின் பிளாஸ்டிக் உடல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். திடீரெனச் சூடேற்றினால் அந்த நீர் ஆவியாகி, சோளப்பொரி போல உள்ளே வெடித்துவிடக் கூடும். நம் துறை ஆசிரியர் ஒருவர் சொன்னபடி, மூன்றாம் சில்லை வாங்கிய நாளிலிருந்தே இறுக மூடிய புட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருந்தேன். அந்த ஒரு யோசனையையாவது கேட்டேனே!

கொல்லையில் மின் அடுப்பை வைத்து, தோசைக்கல்லில் ஒரு விரற்கடை ஆற்று மணல் பரப்பி, அதன் மேல் பலகையை வைத்தேன். ஊசி கழற்றிய சிரிஞ்சால் பசையை இட்டிருந்தேன். தேவைக்குச் சற்றுக் குறைவாகவே இட வேண்டும். சில்லைச் சுற்றி மூன்று மின்தேக்கிகள்: 10 மைக்ரோ ஃபாரட், 2.2 மைக்ரோ ஃபாரட், 0.01 மைக்ரோ ஃபாரட். ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் நீளம். வெப்பத்தை அளக்கக் கொரோனாக் காலத்து நெற்றி வெப்பமானியை எடுத்து வந்தான் தம்பி. அது காய்ச்சலை அன்றி வேறொன்றும் அறியாது. கண்ணையே நம்பினேன்.

முதலிரண்டு நிமிடம் மெல்லச் சூடேற்றினேன். பசையிலிருந்து பிளக்ஸ் கசிந்து பளபளத்தது. பிறகு சூட்டைக் கூட்டினேன். சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து சட்டென்று வெள்ளியாக மாறிற்று. அந்த நொடியில், சற்றுக் கோணலாக இருந்த சில்லு தானே அசைந்து நேராக நின்றதைக் கண்டேன். யாரும் தொடவில்லை! பரப்பு இழுவிசையின் வேலை. ஆனால் ஒரு மின்தேக்கி மட்டும், ஒரு முனைப் பசை முந்தி உருகியதால், நடுகல் போலச் செங்குத்தாக எழுந்து நின்றது. அதைப் பிறகு அயர்னால் படுக்க வைத்தேன். அரை நிமிடம் கழித்து அடுப்பை அணைத்து, எதையும் அசைக்காமல் ஆறவிட்டேன்.

அன்று மாலை கூடத்தில் வண்டி இருபது நிமிடம் நில்லாமல் ஓடிற்று. சில்லின் மேல் விரல் வைத்துப் பொறுக்க முடிந்தது. அம்மா முறத்தையும் தண்ணீர்க் குடத்தையும் ஓரமாக நகர்த்தி வைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

தாத்தா என் பற்றாசுக் கம்பியைக் கேட்டார். தூய வெள்ளீயக் குச்சியை வளைத்தால் கிறீச்சென்று ஒலி எழும்; உள்ளே படிகங்கள் இரட்டைப் படிகங்களாக மாறித் திரும்பும் ஓசை அது. பாத்திரத்துக்குப் பூசக் கொண்டுவரும் ஈயத்தில் காரீயம் கலந்து வியாபாரி ஏமாற்றுகிறானா என்று அக்காலத்தில் இப்படித்தான் அவர் சோதிப்பாராம். கம்பியை நான்கைந்து மடிப்பாக முறுக்கிக் காதருகே வைத்து வளைத்தார். அவ்வளவு மெல்லிய கம்பி தூய வெள்ளீயமாகவே இருந்தாலும் அந்த ஓசை கேட்டிருக்குமா என்பது ஐயமே. ஆனாலும் அவர் சொன்னது சரியாக இருந்தது.

"கத்தலையே. காரீயம் சேந்திருக்கு. போய்க் கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு."